ஞாயிற்றுக்கிழமை மூச்சு

தொழிலாளர் வழக்குகளையே பார்த்து முப்பது வருஷம் ஓட்டிவிட்டேன். என் மாடிப்படி ஏறுகிறவர்களில் பாதிப்பேர் விரல் போனவர்கள், கால் போனவர்கள். காயம் கண்ணெதிரே இருக்கும். தேதி கேட்டால் கிழமையோடு சொல்வார்கள். எந்த மெஷின், யார் ஷிஃப்ட், யார் சுவிட்சைப் போட்டது, எல்லாம் நுனி நாக்கில் தயாராக இருக்கும்.

2018 ஏப்ரலில் லஸ் முனையில் என் அலுவலகத்துக்கு வந்த அந்த அம்மாவிடம் இவை எதுவும் இல்லை. பதினெட்டுப் படி. நடுவில் இரண்டு இடத்தில் நின்று ஏறினார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் பைக்குள்ளிருந்து நீல இன்ஹேலரை எடுத்து இரண்டு முறை இழுத்தார். பேச்சு வர ஒரு நிமிஷம் பிடித்தது.

“நான் லைப்ரரியில வேலை பாத்தேன் சார், இருபது வருஷம். அங்க இருந்துதான் இந்த இழுப்பு வந்துச்சு. கேஸ் போட முடியுமா?”

என் ஜூனியர் என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த கேள்விதான் எனக்கும். பஞ்சாலை என்றால் புரியும். கல் உடைக்கும் இடம், சிமென்ட், தோல் ஷாப்பு எல்லாம் பழகிய வழக்குகள். நூலகத்தில் மூச்சுக்கு விரோதமாக என்ன இருக்கப்போகிறது?

“பழைய புஸ்தகம்னா கொஞ்சம் தூசி இருக்கத்தானேம்மா செய்யும்?” என்றேன்.

“தூசி இல்ல சார். பூசணம்.”

எந்த நூலகம் என்று சொல்ல மாட்டேன். தென் சென்னையில் ஒரு தனியார் அறக்கட்டளை நடத்துவது, அவ்வளவுதான். மயிலாப்பூர், அடையாறு பக்கம் நூலகம் என்றதும் உங்கள் மனம் பிரம்மஞான சபை வளாகத்தில் 1886-இல் ஆல்காட் தொடங்கிய அடையாறு நூலகத்துக்கோ, 1943-இல் ருக்மிணி தேவி தொடங்கி இன்று பெசன்ட் நகரில் இருக்கும் உ.வே.சா. நூலகத்துக்கோ போகும். இரண்டும் அல்ல. பெயரை மறைப்பது என் நாகரிகம் என்றும் நினைக்க வேண்டாம். வக்காலத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்த அம்மா வைத்த ஒரே நிபந்தனை அது. “இடத்தோட பேரு பேப்பர்ல வரக்கூடாது சார். பெரியவங்க கட்டினது. என் பொண்ணு அங்க உக்காந்துதான் பிளஸ் டூ படிச்சா.” தன் மூச்சைக் கெடுத்த இடத்துக்கு இவ்வளவு வக்காலத்து வாங்கிய கட்சிக்காரரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கதை 2015 வெள்ளத்தில் தொடங்குகிறது. அந்த நவம்பரில் மட்டும் நுங்கம்பாக்கத்தில் ஒரு மீட்டருக்கு மேல் மழை கொட்டியிருந்தது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த தண்ணீர் அடையாற்றின் இரு கரையையும் மீறியது. சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலத்தின் மேல் தண்ணீர் ஓடியதையும், கோட்டூர்புரம் குடியிருப்புகள் மூழ்கியதையும் இந்த ஊரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த நூலகத்தின் தரைத்தளத்தில் முழங்கால் அளவு தண்ணீர் ஒன்றரை நாள் நின்றது. கீழ் இரண்டு தட்டுகளில் இருந்தவையெல்லாம் ஊறின. மின்சாரம் வர நான்கு நாள் ஆயிற்று.

நனைந்த காகிதத்தில் பூஞ்சை தலைகாட்ட இரண்டு நாள் போதும். இது உலகத்துக்குத் தெரியாத சங்கதி அல்ல. 1966 நவம்பர் 4 அன்று இத்தாலியில் ஆர்னோ ஆறு பெருகி ஃபிளாரன்ஸின் தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. அங்கே சேறு படிந்த புத்தகங்களை மீட்கக் கிளம்பியவர்கள் கற்ற பாடங்களிலிருந்துதான் இன்றைய நூல் பாதுகாப்புத் துறையின் பெரும்பகுதி வளர்ந்தது. இரண்டு நாளில் உலர்த்த முடியாத புத்தகத்தை உறைய வைத்துவிட வேண்டும், பிறகு அவகாசம் பார்த்து உலர்த்திக்கொள்ளலாம் என்பது அந்தத் துறையின் பாலபாடம். காசிமேட்டு மீனுக்குக் கிடைக்கிற குளிர்கிடங்கில் புத்தகத்துக்கு நாலு அடி இடம் கேட்க இங்கே யாருக்கும் தோன்றவில்லை. கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்கள்.

எட்டே பேர் வேலை பார்த்த இடம். அந்த எட்டுப் பேரும் மொட்டைமாடியில் பழைய செய்தித்தாளைப் பரப்பிப் புத்தகங்களை விரித்துப் போட்டார்கள். டிசம்பர் வெயிலுக்கு என்ன சக்தி? அட்டை காய்ந்தது, முதுகு காயவில்லை. பைண்டிங்கின் உள்பசை ஈரமாகவே இருந்தது. திருவல்லிக்கேணியில் ஐம்பது வருஷமாக பைண்டிங் செய்கிற ஒரு பெரியவரைப் பின்னால் நான் சாட்சிக்குத் தயார் செய்தேன். கூண்டில் ஏற்ற அவசியம் வரவில்லை, ஆனால் அவர் சொன்னது மறக்கவில்லை. “அந்தக் காலத்துல மைதா காய்ச்சும்போது மயில்துத்தம் ஒரு சிட்டிகை போடுவோம் தம்பி. பூச்சியும் வராது, பூசணமும் வராது. இப்ப எவன் போடறான்? வெறும் மைதாப் பசைன்னா அது பூசணத்துக்கு நாம வைக்கிற படையல்.”

நமுத்த வாசனையோடு புத்தகங்கள் ரேக்குக்குத் திரும்பின. அதன்பிறகு நடந்ததுதான் விபரீதம். வெள்ளச் சேதத்தைக் கேள்விப்பட்ட ஒரு கொடையாளர், புத்தகம் கெடக்கூடாதே என்று அடுக்கறைக்கு இரண்டு ஏ.சி. வாங்கிக் கொடுத்தார். நல்ல மனசு. காலை ஒன்பதரைக்குப் போடுவார்கள், மாலை ஐந்தரைக்கு அணைப்பார்கள். கரண்ட் பில்லை நினைத்தால் வேறென்ன செய்ய முடியும்? ஆனால் சென்னையின் காற்றில் எப்போதும் ஈரம் உண்டு. பகல் முழுக்கக் குளிர்ந்த சுவரின் மேல் இரவில் கதவு ஜன்னல் இடுக்கு வழியாக அந்தக் காற்று வந்து படும்போது, ஐஸ் தண்ணீர் ஊற்றிய சொம்பின் வெளிப்பக்கம் வேர்க்கிற மாதிரி சுவர் வேர்க்கும். ஏற்கெனவே ஓதம் ஏறிய சுவர் அது. ரேக்குகள் சுவரோடு ஒட்டி நின்றன, நடுவில் காற்றுப் போக ஒரு விரற்கடை இடமில்லை. ஒவ்வொரு இரவும் பூஞ்சைக்கு நீர் ஊற்றி, ஒவ்வொரு பகலும் அதைக் கதவடைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

இந்த அம்மாவின் வேலை, பதவிப் பெயரில் நூலக உதவியாளர். நடைமுறையில் கட்டுகளை இறக்குவது, ஏற்றுவது, துடைப்பது. தினம் காலை உலர்ந்த துணியால் ஒரு ரேக். “மஞ்சப்பொடி தூவின மாதிரி இருக்கும் சார், சிலதுல மை கொட்டின மாதிரி கறுப்பு. தட்டினா புகை மாதிரி கிளம்பும்.” அந்தப் புகைதான் பூஞ்சை வித்து. ஆஸ்பெர்ஜில்லஸ் வகையின் வித்து இரண்டு மூன்று மைக்ரான் அளவுதான். மூக்கு மயிரில் மாட்டாமல் நேராக நுரையீரலுக்குள் போகக்கூடிய பருமன். உலர்ந்த துணியால் துடைப்பது என்பது அதை ஓரிடத்திலிருந்து எடுத்துக் காற்றில் விதைப்பது. ஈரத்துணியால் துடைத்தால் காகிதம் கெடும். நுண்வடிகட்டி உள்ள வேக்குவம் கிளீனரும் நல்ல முகக்கவசமும்தான் வழி. அந்த நூலகத்தில் இருந்தது நாலு துண்டு பழைய வேட்டித் துணி.

2016 மார்ச்சில் இருமல் தொடங்கியது. கண் அரிப்பு, தும்மல், பிறகு ராத்திரி மூச்சிரைப்பு. ஜூலையில் ஒரு திங்கட்கிழமை படுத்தவர் இருபத்து மூன்று நாள் வேலைக்குப் போகவில்லை. காசநோய் என்று சந்தேகப்பட்டுச் சளியைச் சோதித்தார்கள், இல்லை. மறுபடி வேலை, மறுபடி இருமல். கடைசியில் யாரோ சொல்லி தாம்பரம் சானடோரியத்துக்குப் போனார். சௌரிமுத்து என்ற டாக்டர் 1928-இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடம், இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. அங்கே இருந்த டாக்டர் ஒரு கேள்வி கேட்டார்: “என்ன வேலை பாக்கறீங்க?”

அதுவரை பார்த்த மூன்று மருத்துவர்களில் ஒருவரும் கேட்காத கேள்வி. 1700-இல் தொழில்நோய்கள் பற்றி முதல் பெரிய நூலை எழுதிய இத்தாலிய வைத்தியர் ரமாஸினி, நோயாளியிடம் வைத்தியர் கேட்க வேண்டியவற்றோடு இதையும் சேர்க்கச் சொன்னார். முந்நூறு வருஷம் ஆகியும் பத்தில் ஒரு வைத்தியரிடம்தான் அந்தக் கேள்வி இருக்கிறது என்பது என் அனுபவம். வக்கீல்கள் கேட்பதுண்டு, ஆனால் எங்களிடம் வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அந்த டாக்டர் ஊதிப் பார்க்கும் சின்னக் குழல் ஒன்றை வாங்கச் சொன்னார். பீக் ஃப்ளோ மீட்டர் என்பார்கள். முழு மூச்சையும் இழுத்து ஒரே வீச்சில் ஊதினால் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். மூச்சுக்குழல் சுருங்கியிருந்தால் எண் குறையும். “நாளைக்கு நாலு தடவை ஊதி எழுதுங்கம்மா. வேலை நாள், லீவு நாள் ரெண்டும் வேணும்” என்றார்.

எழுதினார். எப்படி எழுதினார் என்பதில்தான் இந்த வழக்கு இருக்கிறது. என் மேஜையில் வைத்த அந்த நீள நோட்டைத் திறந்து பார்த்தவன் அசந்துபோனேன். நூலகத்தில் புது வரவுகளைப் பதியும் அக்சஷன் ரிஜிஸ்டர் இருக்கிறதே, அதேபோல ஸ்கேலால் கோடு கிழித்த கட்டங்கள். வரிசை எண், தேதி, நேரம், அளவு, இருந்த இடம், குறிப்பு. 2017 நவம்பர் 6-இலிருந்து ஒரு வேளை தவறவில்லை. அடித்தல் இருந்த இடத்தில் பக்கத்திலேயே சுருக்கொப்பம். குறிப்புக் கட்டத்தில்: “14-ம் ரேக் துடைத்தது.” “ஏ.சி. ரிப்பேர், ஜன்னல் திறந்திருந்தது.” “ஞாயிறு. கபாலி கோயில்.” திங்கள் முதல் சனி வரை மாலை அளவு 270, 280, 290. ஞாயிறு மாலை 350, 360. மறுநாள் மாலை மறுபடி சறுக்கல். பத்து வாரத்துக்கு மேல் இதே ஏற்ற இறக்கம்.

இருபது வருஷம் புத்தகத்துக்குப் பதிவேடு எழுதிய கை, அதே ஒழுங்கில் தன் மூச்சுக்கும் எழுதியிருக்கிறது. வழக்கை எடுத்துக்கொண்டேன்.

சரி, எந்தச் சட்டம்? தொழிற்சாலைகள் சட்டம் உதவாது, நூலகத்தில் உற்பத்தி கிடையாது. எட்டுப் பேர் என்பதால் இ.எஸ்.ஐ.யும் இல்லை. கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் காற்றோட்டம், சுத்தம் பற்றி விதிகள் உண்டு, ஆனால் அறக்கட்டளை நூலகத்தை வணிக நிறுவனம் என்று நிரூபிக்கவே நாலு வருஷம் போகும். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தைக் குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றுவதென்று 2011 நவம்பரில் அன்றைய அரசு முடிவெடுத்தபோது உயர் நீதிமன்றம் தடை விதித்தது, பராமரிப்பு பற்றியும் அங்கே வழக்கு நடந்தது. ஏதாவது பிடி கிடைக்குமா என்று அந்தச் செய்திகளைத் தேடிப் படித்தேன். கட்டடம் இருந்தது, புத்தகம் இருந்தது, வாசகர் இருந்தார்கள். அடுக்கறையில் நிற்பவரின் மூச்சு என் கண்ணில் படவில்லை.

கடைசியில் போய் நின்றது 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம்தான், ஆனால் அதன் மூன்றாம் அட்டவணையைப் படிக்கப் படிக்க எனக்கு மரியாதை கூடும். தொழில்நோய்களின் பட்டியல் அது. பகுதி ‘ஆ’வில் 18-ஆவது இனம்: பணியின் போக்கிலேயே உள்ளார்ந்திருக்கும், ஒவ்வாமை தருவதாக அறியப்பட்ட பொருள்களால் வரும் தொழில்சார் ஆஸ்துமா. இந்தப் பகுதியில் உள்ள நோய் ஒன்று, அதே முதலாளியிடம் தொடர்ந்து ஆறு மாதமாவது வேலை பார்த்தவருக்கு வந்தால், அது வேலையால் வந்த விபத்தாகவே கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிக்க வேண்டியது முதலாளி. இந்தச் சுமை இடம் மாறுவது சாதாரண விஷயம் அல்ல. தொழிலாளர் வக்கீலுக்கு இது பாதி வெற்றி.

இன்னொரு சிக்கல் தேதி. கை நசுங்கினால் தேதி உண்டு. பூசணத்துக்கு ஏது தேதி? அதற்கும் அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. நோயால் தொடர்ந்து வேலைக்கு வர முடியாமல் போன நாள்களில் முதல் நாள் எதுவோ, அதுவே விபத்து நடந்த நாள். அவருடைய லீவுச் சீட்டில் இருந்த தேதி 2016 ஜூலை 18. மனு போட இரண்டு வருஷக் கெடு. அவர் என்னிடம் வந்தது 2018 ஏப்ரல் கடைசி. மூன்று மாதம்கூட முழுசாக மீதமில்லை. ஜூன் முதல் வாரம் தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில், ஊழியர் இழப்பீட்டு ஆணையர் முன் மனு தாக்கலானது.

எதிர்த்தரப்பு வக்கீல் சாந்தோம்காரர், என் பழைய நண்பர், கெட்டிக்காரர். கவுன்ட்டரில் முதல் அடியே பலமாக இருந்தது. இந்த அம்மா சட்டப்படி ‘ஊழியரே’ அல்ல, இரண்டாம் அட்டவணையில் நூலகம் என்ற சொல்லே இல்லை என்றார். உண்மைதான், இல்லை. ஆனால் பொருள்கள் சேமித்து வைக்கப்படும் இடத்தில் அவற்றைக் கையாளும் வேலை என்று ஓர் இனம் இருக்கிறது. புத்தகம் ‘பொருளா’? பொருள் விற்பனைச் சட்டம் அசையும் சொத்து எதையும் பொருள் என்கிறது. வெள்ளத்தில் மிதந்ததைவிட ஒரு சொத்து எப்படி அசைய வேண்டும் என்று கேட்டேன். ஆணையர் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். எழுத்தர் வேலை என்று ஒதுக்கும் பழைய வாசகமும் 2010 ஜனவரி 18-இல் அமலுக்கு வந்த திருத்தத்தில் நீங்கியிருந்தது. அந்த ஆண்டுக்கு முன் இவர் நோயில் விழுந்திருந்தால் வாசலிலேயே தோற்றிருப்போம்.

இரண்டாவது அடி இன்னும் நுட்பம். “நூலகப் பணியில் உள்ளார்ந்தது புத்தகம். பூஞ்சை உள்ளார்ந்தது அல்ல, அது வெள்ளம் கொண்டுவந்த விபத்து.” இதற்கு நான் இரண்டு வாரம் தூங்கவில்லை. விடை அட்டவணையிலேயே இருந்தது. நோய்க்கு எதிரே, எந்த வேலையில் இருப்பவருக்கு என்று சொல்லும் கட்டத்தில், அந்த அபாயத்துக்கு ஆளாகும் எல்லா வேலையும் என்றுதான் இருக்கிறது. ஆலை, சுரங்கம் என்று எதுவும் இல்லை. வெள்ளம் வந்தது ஒரு நாள். அதன்பின் இரண்டு வருஷம் பூசணத்தைத் துடைப்பதே அவருக்குக் கொடுத்த வேலையாக இருந்ததே, அது யார் உத்தரவு? தொழிலாளியின் ஆரோக்கியம் வாழும் உரிமையின் பகுதி என்று ஆஸ்பெஸ்டாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் சொன்னதையும் கூடவே வைத்தேன்.

தாவரவியல் பேராசிரியர் ஒருவரை நிபுணராக நியமிக்க மனுச் செய்து, இரு தரப்பும் பார்க்க மாதிரி எடுத்தார்கள். ஊட்டப்பசை ஊற்றிய கண்ணாடித் தட்டுகளை அடுக்கறையிலும், வாசிப்புக் கூடத்திலும், வெளியே வேப்பமரத்தடியிலும் திறந்து வைத்து மூடுவது. ஒரு வாரத்தில் தட்டில் புள்ளி புள்ளியாக முளைக்கும். முடிவைப் பார்த்து எனக்கு வயிறு கலங்கியது. அடுக்கறைத் தட்டிலும் மரத்தடித் தட்டிலும் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்று. நண்பருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. “வெளிக்காற்றில் இருப்பதுதான் உள்ளேயும். மயிலாப்பூரே நோயாளியா?” என்று கேட்டார். போதாக்குறைக்கு இன்னொரு கேள்வி: “பூஞ்சைக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவு எவ்வளவு?” பேராசிரியர் நேர்மையாகச் சொன்னார், அப்படி ஓர் அளவு கிடையாது. உலக சுகாதார நிறுவனம் 2009-இல் ஈரமும் பூஞ்சையும் பற்றி வெளியிட்ட வழிகாட்டியிலேயே எண்ணால் வரம்பு வைக்க முடியாது, ஈரத்தைத் தடுப்பதே வழி என்றுதான் சொல்லியிருக்கிறது.

மறுவிசாரணையில் நான் ஒரே கேள்வி கேட்டேன். “எண்ணிக்கை இருக்கட்டும் ஐயா. முளைத்தது ஒரே ஜாதியா?” இல்லை. மரத்தடியில் பெரும்பாலும் கிளாடோஸ்போரியம், இலை தழைகளில் வாழ்ந்து வெளிக்காற்றில் மிதப்பது. அடுக்கறையில் பெரும்பாலும் ஆஸ்பெர்ஜில்லஸ், பென்சிலியம், கூடவே காகிதத்தின் நாரையே தின்னும் கீட்டோமியம். வெளியிலிருந்து காற்றில் வந்திருந்தால் அதே கூட்டம் வந்திருக்கும். இது அங்கேயே பிறந்து வளர்ந்த கூட்டம். தாம்பரத்தில் தோலில் குத்திச் செய்த ஒவ்வாமைச் சோதனையில் அந்த அம்மாவின் கை தடித்தது எதற்கு? ஆஸ்பெர்ஜில்லஸுக்கு. கிளாடோஸ்போரியத்துக்குத் தடிக்கவில்லை.

பிறகு அவரையே கூண்டில் ஏற்றினார்கள். வீட்டில் சாம்பிராணி உண்டா? வெள்ளிக்கிழமை உண்டு. கொசுவர்த்தி? முன்பு உண்டு, இப்போது வலை. ஒண்டுக் குடித்தனமா? ஆமாம், மந்தைவெளியில். எதையும் மறைக்கவில்லை. அப்போது நண்பர் நோட்டைப் புரட்டி ஒரு பக்கத்தில் நிறுத்தினார்.

“2018 ஜனவரி 13. அன்று வேலைக்குப் போனீங்களா?”

“இல்ல சார். போகி. லீவு.”

“காலை அளவு என்ன? நீங்களே படிங்க.”

“முந்நூறு.”

“அதாவது நூலகம் பக்கமே போகாத நாளிலும் மூச்சு குறைஞ்சிருக்கு. சரியா?”

“சரிதான் சார். அன்னிக்கு ஊரெல்லாம் புகை. குறிப்புலயும் எழுதியிருக்கேன்.”

எழுதித்தான் இருந்தது: “போகி. டயர் புகை.” அந்த வருஷப் போகிப் புகையில் மீனம்பாக்கத்தில் விமானங்களே இறங்கத் தடுமாறின. நண்பர் ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தார். ஆணையர் நோட்டை வாங்கி அந்தப் பக்கத்திலிருந்து தானே படித்துக்கொண்டு போனார். போகியன்று 300. பொங்கல், மாட்டுப் பொங்கல் என்று எண் ஏறுகிறது. காணும் பொங்கல் மாலை 380, நோட்டிலேயே உச்சம். ஜனவரி 17 புதன்கிழமை வேலைக்குத் திரும்புகிறார். மாலை 285. குறிப்பு: “9-ம் ரேக்.”

நூலகத்தின் வருகைப் பதிவேட்டையும், எந்த நாள் யார் எந்த ரேக்கைத் துடைத்தார்கள் என்ற பணிப் பதிவேட்டையும் தாக்கல் செய்யும்படி முன்னமே மனுப் போட்டிருந்தேன். அந்த நூலகத்தாரைக் குறை சொல்ல முடியாத விஷயம் ஒன்று உண்டென்றால் அது பதிவேடு. ஒரு நாள் விடுபடவில்லை. அவர்கள் ரிஜிஸ்டரில் ஜனவரி 17-க்கு நேரே அந்த அம்மாவின் பெயரும் 9-ம் ரேக்கும் இருந்தன. நானும் என் ஜூனியரும் நோட்டில் இருந்த எல்லா நாளையும் இப்படி ஒட்டிப் பார்த்து ஒரு பட்டியல் கொடுத்தோம். குறுக்கு விசாரணை அதோடு வாடிவிட்டது. தனக்குப் பாதகமான போகியை எழுதி வைத்த கை, சாதகமானதை இட்டுக்கட்டியிருக்காது என்று ஆணையர் பிறகு உத்தரவில் எழுதினார்.

2020 மார்ச்சில் ஊரே மூடியதில் வழக்கும் நின்றது. ஆறு மாதம் பூட்டிக் கிடந்த அடுக்கறையைத் திறந்தபோது என் நண்பரே முகக்கவசத்துக்கு மேல் கைக்குட்டையைப் பொத்திக்கொண்டார் என்று கேள்வி. நான் பார்க்கவில்லை.

உத்தரவு 2021 பிப்ரவரியில் வந்தது. தொழில்சார் ஆஸ்துமா என்பது ஏற்கப்பட்டது. சம்பாதிக்கும் திறனில் இழப்பு 40 சதவீதம் என்று எங்கள் மருத்துவர் சொன்னதை ஆணையர் 25 ஆகக் குறைத்தார். புத்தகம் இல்லாத இடத்தில் இவரால் வேலை செய்ய முடியும் என்பது காரணம். எனக்கு அது இன்றைக்கும் உறுத்தல். இருபது வருஷம் நூலகம் தவிர வேறு தெரியாத ஒருவருக்குப் புத்தகம் இல்லாத இடம் எது? கணக்கும் கையைக் கட்டியது. அவர் வாங்கிய சம்பளம் 11,500 ரூபாய். ஆனால் விபத்து நாளில் சட்டம் ஒப்புக்கொண்ட உச்சச் சம்பளம் 8,000. அது 15,000 ஆனது 2020 ஜனவரி 3-இல்தான், பின்னோக்கிப் பாயாது. 8,000-இல் 60 சதவீதம் 4,800. 46 வயதுக்கான காரணி 166.29. பெருக்கி, அதில் 25 சதவீதம்: 1,99,548 ரூபாய். 12 சதவீத வட்டியும் சேர்த்து மூன்று லட்சத்துக்குச் சற்று மேல். அறக்கட்டளை மேல்முறையீடு செய்யவில்லை, இரண்டே மாதத்தில் பணத்தைக் கட்டிவிட்டது. அந்த மரியாதையை அவர்களுக்குக் கொடுத்தாக வேண்டும். ரேக்குகளையும் சுவரிலிருந்து ஒரு சாண் நகர்த்தியிருக்கிறார்களாம்.

காசோலை வாங்க வந்தபோது அந்த அம்மா பணத்தைப் பற்றிக் கேட்டதைவிட நோட்டைப் பற்றித்தான் அதிகம் கேட்டார். சான்றாவணத்தைத் திரும்பப் பெற ஒரு மனுப் போட்டு வாங்கிக் கொடுத்தேன். என்னிடம் ஜெராக்ஸ் இருக்கிறது.

1923 சட்டம் இப்போது 2020-ஆம் வருஷத்து சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. தொழில்நோய்ப் பட்டியல் அதிலும் இருக்கிறது, ஆஸ்துமாவும் இருக்கிறது. நூலகத்திலோ, கோர்ட் ரெக்கார்டு ரூமிலோ, பத்திரப் பதிவு அலுவலகத்தின் பழைய கட்டுகளுக்கு நடுவிலோ வேலை பார்க்கிறவர் உங்கள் வீட்டில் இருந்து, அவருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூச்சு இலகுவாக இருந்தால், மருத்துவர் கேட்காவிட்டாலும் என்ன வேலை என்பதை நீங்களே சொல்லுங்கள். ஊதிப் பார்க்கும் குழலை மருந்துக் கடையில் கேட்டால் வரவழைத்துத் தருவார்கள். ஒரு நீள நோட்டும் வாங்கிக்கொள்ளுங்கள். முதல் லீவுச் சீட்டின் நகலை அதற்குள் வையுங்கள். கெடு அந்தத் தேதியிலிருந்துதான் ஓடும்.